வால்பாறைக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வங்கி, பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை, தேயிலைத் தொழிற்சாலை என்று எதில் வேலை பார்த்தாலும் ஒருநாள் மாற்றல் உத்தரவு வரலாம். ஊர்: வால்பாறை. கேட்டதும் வீட்டில் ஒருவர் "அங்கே மின்விசிறியே வேண்டாமாமே" என்பார். இன்னொருவர் "வாசலுக்கே சிறுத்தை வருமாமே" என்பார். இரண்டும் உண்மைதான். வேலைக்காக வந்து தங்கப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சனி, ஞாயிறு சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

முதலில் ஒரு விஷயம். இந்த ஊரில் நேரத்தை யானையும் மழையும்தான் முடிவு செய்கின்றன. கடைக்குப் போவது, விருந்தாளியை அழைத்து வருவது, பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவது என எதுவானாலும் இருட்டுவதற்குள் முடிகிற மாதிரி திட்டமிடப் பழகுங்கள். மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

ஏன் இப்படி?

ஆனைமலைத் தொடரில் சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது வால்பாறை. டவுன் என்று சொல்லிக்கொள்ள ஒரு முக்கியச் சாலையும் அதிலிருந்து கீழிறங்கும் சில தெருக்களும்தான். அதைச் சுற்றி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலைத் தோட்டங்கள். தோட்டங்களைச் சுற்றிலும் காடு: இந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளத்தின் பரம்பிக்குளமும் வாழச்சாலும்.

1890களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் மழைக்காட்டை வெட்டித்தான் இங்கே முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் போட்டார்கள். வெட்டாமல் விட்ட சோலைகள் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் துண்டு துண்டாக நிற்கின்றன. யானைக்கு இது பழைய வழி. ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குப் போக அது தேயிலையைக் கடந்துதான் ஆக வேண்டும். "யானை ஊருக்குள் புகுந்தது" என்று செய்தியில் வாசிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

மலையேறி வருவது

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரை சமவெளி. அங்கே வனத்துறை சோதனைச் சாவடி இருக்கிறது. அதைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். அரசுப் பேருந்தில் இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். கோவையிலிருந்து வருகிறவர்கள் பொள்ளாச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் வண்டிகளுக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி வந்த ஏற்பாடு இது. நீதிமன்றத்தின் பார்வையில் இருக்கும் விஷயம் என்பதால் விதிகள் மாறலாம், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சாவடியில் பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் தேடுவார்கள். வாதாடாமல் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுச் சாமானோடு லாரியில் வருகிறவர்கள் விடியற்காலையில் பொள்ளாச்சியை விட்டுக் கிளம்பினால், மதியத்துக்குள் சாமானை இறக்கி மழைக்கு முன் உள்ளே வைத்துவிடலாம். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, பேருந்தில் முன்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பின்சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டே வந்தால் இருபதாவது வளைவைத் தாண்ட மாட்டீர்கள்.

சொந்தக் காரில் வந்தால் வழியில் இரண்டு இடங்களில் நிற்கலாம். ஒன்று குரங்கு அருவி. பலகையில் கவியருவி என்று எழுதியிருக்கும். மற்றது ஒன்பதாவது வளைவிலிருக்கும் லோம்ஸ் காட்சிமுனை. ஆழியாறு நீர்த்தேக்கமும் பொள்ளாச்சிச் சமவெளியும் மொத்தமாகத் தெரியும். இந்த மலைச்சாலை அமைத்த பொறியாளர் பெயர்தான் லோம். இந்தப் பகுதியின் பாறைச் சரிவுகளில் வரையாடு மேயும். நம் மாநில விலங்கைப் பார்க்க ஊர் ஊராக அலைகிறவர்கள் உண்டு. இங்கே அது தார்ச்சாலைத் தடுப்புச் சுவர் மேலேயே நிற்கும். பிஸ்கட் நீட்டாதீர்கள். கொடுத்துக் கொடுத்துத்தான் அவை வண்டிக்கு அருகில் வரப் பழகிவிட்டன.

அட்டகட்டி தாண்டிக் கவர்க்கல் பகுதிக்கு வந்தால் நல்ல பகலிலேயே பனிமூட்டம் இறங்கியிருக்கும். முகப்பு விளக்கை மங்கலான ஒளியில் வைத்து, ஹாரன் அடித்து, மெதுவாக வர வேண்டும். அதன்பின் வாட்டர்பால்ஸ், அய்யர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம், அப்புறம் டவுன்.

வீடு பார்ப்பது

இங்கே வாடகை வீடு கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நிலத்தில் பெரும்பகுதி தோட்டக் கம்பெனிகளிடமோ வனத்துறையிடமோ இருக்கிறது. மீதமுள்ள கொஞ்ச இடத்தில்தான் டவுனே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அலுவலகக் குடியிருப்பு இருந்தால், பழசாக இருந்தாலும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் பதவியிலிருந்து மாறிப்போகிறவரின் வீட்டையே பேசி முடிப்பதுதான் வழக்கம். அவர் காலி செய்வதற்குள் வீட்டுக்காரரைப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டைப் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள். சுவரில் ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது? கழிப்பறை வீட்டுக்குள்ளா, வெளியேவா? வெளியே என்றால் அந்த வீடு வேண்டாம். ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு போக இது ஊர் அல்ல. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு இருக்கிறதா? வீட்டை ஒட்டித் தேயிலையோ புதரோ இருக்கிறதா? பின்பக்கம் வாழையோ பலாவோ இருந்தால் அது யாருக்குப் பழுக்கிறது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆள் குறைந்துகொண்டே வரும் ஊர் இது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2001 கணக்கெடுப்பில் 90 ஆயிரத்துக்கு மேல் இருந்த நகராட்சி மக்கள்தொகை, 2011இல் 71 ஆயிரத்தையொட்டி இறங்கிவிட்டது. பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூர், கோவை என்று இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் விட்ட லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) இப்போது அசாம், ஜார்க்கண்ட் மாநிலத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை என்றால் கொஞ்சம் இந்தி தெரிந்திருப்பது உதவும்.

மழை

ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். சென்னையில் ஒரு வருஷத்துக்குப் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். "கனமழை காரணமாக வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை" என்ற மாவட்ட ஆட்சியர் அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இனி அது உங்கள் வீட்டுச் செய்தி.

வாங்க வேண்டியவை: முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ், பெரிய குடை, மழைக்கோட்டு, நல்ல டார்ச், சார்ஜ் ஏற்றி வைக்கும் விளக்கு. மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் வர நேரமாகும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டியிருக்கும் படங்கை, அதாவது மழைநீர் புகாத விரிப்பைப் பாருங்கள். எந்தக் கம்பெனி மழைக்கோட்டும் அதற்கு ஈடாகாது.

துணி காயாது. ஜூலையில் மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரவாடை போகாது. தோல் செருப்பு, பெல்ட், அலமாரியில் மடித்து வைத்த பட்டுப்புடவை எல்லாம் பூஞ்சை பிடிக்கும். நல்ல துணிமணிகளையும் சான்றிதழ்களையும் ஊரிலேயே விட்டுவிட்டு வருவது புத்திசாலித்தனம். உப்பு, சர்க்கரை, மிளகாய்த்தூள் எல்லாவற்றுக்கும் இறுக்கமான மூடியுள்ள டப்பா வேண்டும்.

அட்டைப்பூச்சிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் உப்பு வைத்தால் விழுந்துவிடும். ரத்தம் சிறிது நேரம் நிற்காமல் கசியும், அவ்வளவுதான். பிய்த்து இழுக்க வேண்டாம்.

யானையோடு இருப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மழை ஓய்ந்த பிறகு, அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் அதிகம் நடமாடும். யானை துரத்திக்கொண்டு வந்து கொல்வதாகத்தான் வெளியில் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மாலையில் பேருந்தை விட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவே குறுக்குவழியில் நடந்து போகிறவர் திருப்பத்தில் யானையோடு நேருக்கு நேர் மோதிக்கொள்கிறார். யானை அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வழியில் போயிருக்கவே மாட்டார்.

இந்தத் "தெரியாது" என்பதைச் சரிசெய்யத்தான் மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து ஒரு முன்னெச்சரிக்கை ஏற்பாட்டைச் செய்தார்கள். யானை இன்று எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்து ஓடியது. பிறகு செல்போனுக்குக் குறுஞ்செய்தி. யானை நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு. அந்தந்தப் பகுதி மக்களே செல்போனிலிருந்து அதை எரிய வைக்கலாம். விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் யானை இருக்கிறது என்று பொருள். இந்த வேலைக்காக ஆனந்தகுமார் என்ற ஆய்வாளர் 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். வந்த வாரமே உங்கள் எண்ணை அந்தக் குறுஞ்செய்திப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். யாரிடம் கொடுப்பது என்று வனச்சரக அலுவலகத்தில் சொல்வார்கள். வீட்டுக்கு அருகில் எந்த இடத்தில் சிவப்பு விளக்குக் கம்பம் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். வனத்துறை எண்ணைச் சமையலறைச் சுவரிலேயே எழுதி ஒட்டுங்கள்.

வீட்டில் அரிசி மூட்டையைச் சமையலறை ஜன்னலோரம் அடுக்காதீர்கள். இங்கே யானை உடைத்த கட்டடங்களைப் பார்த்தால் ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும் நிறைய இருக்கும். அரிசியும் உப்பும் இருக்கும் இடம் அதற்கு நன்றாகத் தெரியும். ராத்திரியில் சுவரில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்க்கவே கூடாது. எதிர்ப்பக்க அறைக்குப் போய் உட்கார்ந்து போன் போடுங்கள்.

சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். ஹாரன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம், இறங்கவே வேண்டாம். 2025 பிப்ரவரியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், சாலையில் நின்ற யானையைப் பைக்கில் தாண்டிப் போகப் பார்த்தார். மற்ற வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள், அவர் உயிரோடு திரும்பவில்லை. அரை மணி நேரம் தாமதமானால் அலுவலகத்தில் "யானை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

சிறுத்தை விஷயம் வேறு. அது பெரியவர்களை விட்டு விலகியே போகும். ஆனால் குழந்தைகளைத் தூக்கிச் சென்ற துயரங்கள் லைன் வீட்டு வாசல்களில் நடந்திருக்கின்றன. சின்னப் பிள்ளைகளை மாலை ஐந்துக்கு மேல் வெளியே தனியாக விடாதீர்கள், வீட்டு முற்றமே ஆனாலும். கோழி, நாய் வளர்த்தால் ராத்திரி உள்ளே அடையுங்கள். இறைச்சிக் கழிவைப் பின்பக்கம் வீசினால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். கரடி, காட்டுமாடு இரண்டுக்கும் வழிவிட்டு ஒதுங்கினால் போதும்.

அன்றாட வேலைகள்

எஸ்டேட்டுகளுக்கு டவுனிலிருந்து அரசுப் பேருந்து உண்டு. சோலையாறு, முடீஸ், கருமலை, சின்கோனா, பன்னிமேடு என்று பலகை போட்டிருக்கும். கடைசிப் பேருந்து நேரத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். ஞாயிறு தோட்டங்களுக்கு விடுமுறை என்பதால் அன்று டவுன் நிரம்பி வழியும், அதிலும் சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிறு சொல்லவே வேண்டாம். காய்கறி கீழேயிருந்து வருவதால் பொள்ளாச்சியைவிட விலை கொஞ்சம் கூடவே இருக்கும்.

மருத்துவத்துக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ இறங்கியாக வேண்டும். வயதான பெற்றோருக்கு இதய நோய் இருந்தால், கர்ப்பிணி இருந்தால், இந்த 40 வளைவுகளையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரசவத் தேதி நெருங்கும் முன்பே கீழே இறங்கிவிடுவதுதான் நல்லது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு வாங்கி வையுங்கள். மண்சரிவில் சாலை அடைபட்டால் கடையிலும் கிடைக்காது.

தேயிலைத்தூள் வாங்கப் போனால் கடைக்காரரிடம் "ஊரில் வீட்டுக்கு என்ன வாங்குவீர்கள்" என்று கேளுங்கள். டப்பாவில் அழகாக அடைத்து வைத்திருப்பது சுற்றுலாக்காரர்களுக்கு.

பார்க்க வேண்டிய இடங்கள்

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி படகுத்துறையும் பூங்காவும் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே பார்க்க இருப்பது காடும் தண்ணீரும்தான், அதுவும் போகிற வழியிலேயே கிடைத்துவிடும்.

என்னைக் கேட்டால் முதல் இடம் புதுத்தோட்டம். டவுனுக்கு அருகிலேயே, பொள்ளாச்சிச் சாலையின் இருபுறமும் இருக்கும் ஒரு துண்டு மழைக்காடு. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, இங்கே கூட்டமாக இருக்கிறது. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, குஞ்சம் வைத்த வால். மரத்தை விட்டு இறங்காத பிராணி இது. சாலை காட்டை இரண்டாகப் பிளந்ததால் தரையிறங்கிக் கடக்க வேண்டியதாகி, வண்டிகளில் அடிபட்டுச் சாகிறது. அதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களால் பாலம் கட்டியிருக்கிறார்கள். காலையில் ஓரமாக நின்று பார்த்தால் அதன் மேல் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைக் காணலாம். அதே கூட்டம் டவுனுக்கும் வந்து ஓட்டைப் பிரித்து அடுப்படியில் கை வைக்கும். சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருவாச்சிக்கு இனப்பெருக்கக் காலம். பெட்டை மரப்பொந்துக்குள் போய், ஒரு சின்ன இடுக்கு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தச் சின்ன இடுக்கு வழியாக ஊட்டும். தலைக்கு மேல் பறந்தால் சிறகோசையே காட்டிக்கொடுத்துவிடும். பழுத்த அத்திமரம் எங்கே என்று தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டால் போதும்.

சோலையாறு அணை சுமார் 20 கிலோமீட்டர். 160 அடி நீர்மட்டத்தை ஆகஸ்ட் வாக்கில் எட்டிவிடும், அப்போது பார்ப்பதற்குத்தான் அழகு. நீராறு தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாற்றுக்கும், அங்கிருந்து பரம்பிக்குளத்துக்கும் போகிறது. பொள்ளாச்சி, திருப்பூர்ப் பக்கத்து வயல்களில் பாய்வது இந்த மழைதான். நம் துணி காயாததற்கு ஒரு பிரயோஜனம் உண்டு.

நல்லமுடி பூஞ்சோலைக் காட்சிமுனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பத்து, பதினொரு மணிக்கு மேல் மேகம் மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். கருமலை பாலாஜி கோயிலுக்குத் தேயிலை நடுவே நடந்து போகும் பாதை நன்றாக இருக்கும். மாநிலத்திலேயே அதிக மழை பெய்யும் இடம் என்று பேர்பெற்ற சின்னக்கல்லாறுக்கு மழைக்காலத்தில் விட மாட்டார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். அக்காமலைப் புல்மலைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே முடியாது. "நான் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கூழாங்கல் ஆறு பற்றி ஒரு எச்சரிக்கை. கணுக்கால் அளவுத் தண்ணீர், உருண்டைக் கற்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கோடையில் தாராளமாகப் போகலாம். ஆனால் இந்த ஊர் ஆறுகள் எதிலும், தெரியாத இடத்தில் இறங்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழைக்குச் சட்டென்று நீர் ஏறும்; பாறைகளுக்கு நடுவே கசம் இருக்கும். 2023 அக்டோபரில் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சோலையாறு எஸ்டேட் பக்கத்து ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். விருந்தாளிகள் "சும்மா கால் நனைக்கிறோம்" என்பார்கள். ஊர்க்காரர் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்கச் சொல்லுங்கள்.

விருந்தாளிகள் வரும்போது

வந்த முதல் மாதத்திலிருந்தே சொந்தக்காரர்கள் போன் செய்ய ஆரம்பிப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரச் சொல்லுங்கள். வானம் வெளுத்திருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். காட்டேஜ் போட்டால் உரிமம் உள்ளதா என்று கேட்டுப் போடுங்கள்.

அதிரப்பள்ளி அருவி வழியாகச் சாலக்குடிக்கு இறங்க ஆசைப்படுவார்கள். மளுக்கப்பாறைச் சாவடியில் நேரம் குறித்த சீட்டு தருவார்கள், அந்த நேரத்துக்குள் வாழச்சால் சாவடியைத் தாண்ட வேண்டும். நடுக்காட்டில் நிறுத்திப் படம் எடுத்தால் அபராதம். ராத்திரியில் அந்தச் சாலை அடைப்பு. ஆகவே காலை எட்டு மணிக்குள் வால்பாறையை விட்டுக் கிளப்பிவிடுங்கள், டீசலோ பெட்ரோலோ டவுனிலேயே நிரப்பச் சொல்லி.

பொள்ளாச்சிப் பக்கம் இறங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு எண்ணெய் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பிரேக் சூடாகி வளைவில் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்குத் திரும்ப முழுச் சாலையும் வேண்டும்.